65-7: களைத்தது அணியா, காரோட்டிப் போன ரசிகரா?

கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். ஃபோர்ட் வொர்த்தில் எம்.எஸ். படிக்க வந்திருக்கிறீர்கள். உங்கள் அறைத்தோழரும் அவருடைய அண்ணனும் 2023 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸ் வரைக்கும் 20 மணி நேரம் காரோட்டிப் போயிருக்கிறார்கள். அங்கே கல்லூரி ஃபுட்பால் (நம் ஊர்க் கால்பந்து அல்ல, பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்க ஆட்டம்) இறுதியாட்டத்தில் தங்கள் டெக்சாஸ் கிறிஸ்டியன் அணி, அதாவது டி.சி.யு., ஜார்ஜியாவிடம் 65-7 என்று தோற்றதைப் பார்த்துவிட்டு, மறுபடி 20 மணி நேரம் ஓட்டித் திரும்பியிருக்கிறார்கள். இன்றைக்கும் அந்தப் பேச்சு வந்தால் "அவ்வளவு தூரம் போனதில் பசங்க களைச்சுட்டாங்க" என்கிறார்களாம். தூரப் பயணம் ஓர் அணியை இப்படிச் சாய்க்குமா, இல்லை இது தோற்றவர்கள் சொல்லும் சாக்கா, இதற்காக இவ்வளவு தூரம் போவது என்ன பைத்தியம் என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு மூன்று கேள்வி போலத் தெரிந்தாலும், இவ்வளவு பெரிய தோல்விக்குத் தூரம் காரணமாக இருக்க முடியுமா என்பதுதான் உங்களை உறுத்துகிறது என்று நினைக்கிறேன். முடியாது. 2, 3 புள்ளிக்குத் தூரம் பதில் சொல்லலாம். 58 புள்ளிக்குச் சொல்லாது.

என்னைப் பற்றி ஒரு வரி. படித்தது பிசியோதெரபி. இங்கே ஒரு பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறையில் 14 வருடம் அத்லெடிக் டிரெய்னராக வேலை பார்த்தேன். கணுக்காலுக்கு டேப் சுற்றுவதில் தொடங்கி, விமானத்தில் யார் காலை நீட்டி உட்கார வேண்டும் என்பது வரைக்கும் எங்கள் பொறுப்பு. அணியோடு போன பயணங்களுக்குக் கணக்கில்லை. ஆனால் நான் தூக்கத்தை ஆராய்ந்தவனும் அல்ல, கோச்சும் அல்ல. எந்தத் திட்டம் வகுத்திருந்தால் டி.சி.யு. தப்பித்திருக்கும் என்றெல்லாம் என்னைக் கேட்காதீர்கள்.

தூரக் கணக்கை முதலில் முடித்துவிடலாம். ஃபோர்ட் வொர்த்திலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் சாலை வழியே ஏறக்குறைய 2,250 கிலோமீட்டர். ஜார்ஜியா பல்கலைக்கழகம் இருக்கும் ஏதென்ஸ் ஊரிலிருந்து 3,500 கிலோமீட்டருக்குக் குறையாது. டி.சி.யு. கடந்த நேர வித்தியாசம் 2 மணி, ஜார்ஜியா கடந்தது 3 மணி. அதிக தூரம் போன அணிதான் 65 அடித்தது. ஜார்ஜியாவின் அடையாளமான அகா என்ற புல்டாக்கை மட்டும், இவ்வளவு தூரம் வேண்டாம் என்று வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தார்கள். ஆட்டம் தொடங்கியது அங்கே மாலை நாலரை மணிக்கு. டி.சி.யு. வீரர்களின் உடம்புக் கணக்கில் அது ஆறரை, ஜார்ஜியாக்காரர்களுக்கு ஏழரை. பொதுவாக மனித உடம்பு சுறுசுறுப்பின் உச்சத்தில் இருப்பது பின்மதியம் தொடங்கி முன்னிரவு வரைக்கும்தான். ஆட்டத்தின் நான்கு பகுதிகளில் கடைசிக் கால் பகுதி நடந்தபோது ஜார்ஜியாவின் உடம்புக் கடிகாரம் இரவு 10 மணியைத் தாண்டியிருக்கும். கடிகாரம் யாருக்காவது துணைநின்றது என்றால் அது டி.சி.யு.வுக்குத்தான்.

அப்படியிருந்தும் "பயணக் களைப்பு" என்று ரசிகர்களுக்கு ஏன் தோன்றுகிறது? அணி எப்படிப் போகிறது, ரசிகர் எப்படிப் போகிறார் என்று பக்கத்தில் வைத்துப் பார்த்தால் புரியும். அணிக்குத் தனி விமானம். ஹெல்மெட், தோள் கவசம், மருந்துப் பெட்டி எல்லாம் முன்கூட்டியே லாரியில் புறப்பட்டிருக்கும். பஸ் நேராக விமானத்தின் படிக்கட்டுக்குப் பக்கத்தில் போய் நிற்கும். முன்வரிசையில் நின்று மோதும், 140 கிலோ எடையுள்ள லைன்மேன் இருவர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு 4 மணி நேரம் உட்காராமல், நடுவில் ஒரு சீட்டைக் காலியாக விட வேண்டும். அந்தச் சீட் வரைபடத்துக்காக நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஏறியதும் ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீர், ஒரு பாக்கெட் உப்புக் கரைசல். விமானத்துக்குள் காற்று வறண்டிருக்கும், வியர்க்காமலே உடம்பு நீர் இழக்கும். ஹோட்டலில் இறங்கியதும் நாங்கள் முதலில் பார்ப்பது ஜன்னல் திரை வெளிச்சத்தை முழுக்க மறைக்கிறதா என்றுதான். அந்த இறுதியாட்டம் நடந்தது ஜனவரி 9, திங்கட்கிழமை. இரண்டு அணிகளும் வெள்ளிக்கிழமையே வந்து இறங்கிவிட்டன. இரண்டு மணி நேர வித்தியாசத்துக்கு மூன்று இரவுத் தூக்கம் தாராளம்.

உங்கள் அறைத்தோழரின் கதை வேறு. ஐ-20 சாலையில் ஏறி அபிலீன், மிட்லாண்ட், ஒடெஸா என்று போய், அப்புறம் ஐ-10 பிடித்து எல் பாஸோ வந்து சேரவே 9 மணி நேரம் ஆகியிருக்கும். அத்தனை நேரமும் டெக்சாஸுக்குள்ளேயேதான் ஓட்டியிருப்பார். அதற்கப்புறம்தான் நியூ மெக்ஸிகோ, அரிசோனா, கலிஃபோர்னியாவின் பாலைவனம். ஆட்டத்தன்று அங்கே மழை வேறு. களைத்தது அவர்தான். தன் முதுகு வலியை அணியின் முதுகில் ஏற்றிவிட்டார். இதைக் கேலியாகச் சொல்லவில்லை. அவருக்கு அந்த நாளின் உண்மை அதுதான்.

சரி, அப்படியானால் 65-7 எப்படி வந்தது? இந்த ஆட்டத்தில் எதிரணியின் கடைக்கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோகும் டச்டவுன் ஒன்றுக்கு 6 புள்ளி, அதன்பின் உதைக்கும் உதைக்கு 1, நேரடியாகக் கம்பங்களுக்கு நடுவே உதைக்கும் ஃபீல்ட் கோலுக்கு 3. ஜார்ஜியா அன்றைக்கு 9 டச்டவுன், 1 ஃபீல்ட் கோல் எடுத்தது. ஒரே ஓர் உதை மட்டும் தவறியது. முதல் கால் பகுதியில் டி.சி.யு. 10-7 வரை ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. பந்து வீசித் தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக் மேக்ஸ் டகன் தானே ஓடி ஒரு டச்டவுன் போட்டார். அந்த நேரத்தில் உங்கள் அறைத்தோழர் நாற்காலியில் உட்கார்ந்திருக்க வாய்ப்பில்லை. அடுத்து 17-7. இடைவேளைக்குள் 38-7. அந்தக் கடைசி ஏழு புள்ளி வந்த விதத்தைப் பாருங்கள். இடைவேளைக்கு ஒரு நிமிடத்துக்கும் குறைவாக இருந்தபோது, பின்தங்கிய அணி அவசரப்பட்டு வீசிய பந்தை எதிரணி பிடித்துவிட்டது. 26 விநாடி மீதியிருக்கையில் அது டச்டவுன் ஆனது. மொத்தத்தில் ஜார்ஜியா நகர்ந்தது 589 கெஜம், டி.சி.யு. 188. கடைசிக் கால் பகுதியில் பதின்மூன்றரை நிமிடம் மீதியிருந்தபோதே, 52-7 என்ற நிலையில், ஜார்ஜியாவின் கோச் கிர்பி ஸ்மார்ட் ஆட்டத்தை நிறுத்தித் தன் குவார்ட்டர்பேக் ஸ்டெட்சன் பெனட்டை வெளியே அழைத்துக்கொண்டார். ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டட்டும் என்பதற்காகவே எடுத்த டைம்-அவுட் அது. ஸ்காலர்ஷிப் இல்லாமல் அணிக்குள் நுழைந்து, 25 வயதில் தன் கடைசிக் கல்லூரி ஆட்டம் ஆடிய பையன். பந்து வீசி 4, ஓடி 2 என்று 6 டச்டவுனில் அவர் கை இருந்தது. எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்த உங்கள் நண்பருக்கு அந்தக் கைதட்டல் எப்படிக் கேட்டிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இந்த விளையாட்டில் பின்தங்குவது ஒரு பள்ளம் மாதிரி, இறங்க இறங்கச் சரிவு கூடும். 20 புள்ளி பின்னால் இருக்கும் அணி பந்தைத் தூக்கிக்கொண்டு மெதுவாக ஓடிக்கொண்டிருக்க முடியாது, வீசியாக வேண்டும். வீசப்போகிறது என்று தெரிந்தால் எதிரணியின் முன்வரிசை வேறெதையும் யோசிக்காமல் குவார்ட்டர்பேக் மேல் பாயும். வீசிய பந்து கீழே விழுந்தால் கடிகாரம் நிற்கும். கடிகாரம் நின்றால் ஆட்டம் நீளும், எதிரணிக்கு இன்னும் ஒரு வாய்ப்பு. நம் ஊர் கணக்கில் சொன்னால், 380 துரத்தும்போது 40க்கு 5 விக்கெட் போன அணி, போனால் போகிறது என்று மட்டையைச் சுழற்றுவது போல. அந்த அணி 110க்கு ஆல் அவுட் ஆனால், இரண்டு அணிகளுக்கும் 270 ரன் தரவித்தியாசம் என்று யாரும் சொல்ல மாட்டோம். ஆட்டத்துக்கு முன் சூதாட்ட நிறுவனங்கள் கணித்தது, ஜார்ஜியா 2 டச்டவுனுக்குச் சற்றுக் குறைவான வித்தியாசத்தில் ஜெயிக்கும் என்று. உண்மையான தரவித்தியாசம் ஏறக்குறைய அவ்வளவுதான் இருந்திருக்கும் என்பது என் கருத்து. மீதி முழுக்கப் பள்ளத்தின் வேலை.

ஆனால் அந்தத் தரவித்தியாசத்துக்கே ஒரு காரணம் இருக்கிறது. அப்போதைய விதிப்படி ஓர் அணியில் 85 பேருக்கு ஸ்காலர்ஷிப் தரலாம். ஜார்ஜியாவில் அந்த 85இல் பெரும்பாலானவர்கள் பள்ளியிலேயே நாடு முழுக்கத் தேடப்பட்டவர்கள். டி.சி.யு.வில் அப்படிப்பட்டவர்கள் சிறுபான்மை. முதல் 11 பேரை எதிரெதிரே நிறுத்தினால் ஓரளவு ஈடுகொடுக்கும். ஒருவர் காயம்பட்டு வெளியே போனால் அந்த இடத்துக்கு யார் வருகிறார் என்பதில்தான் சாயம் வெளுக்கும். அன்று அதுதான் நடந்தது. அந்தப் பருவம் முழுக்க டி.சி.யு.வுக்காகப் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடிய கெண்ட்ரே மில்லர், மிச்சிகனுக்கு எதிரான அரையிறுதியில் முழங்காலில் அடிபட்டு, இறுதியாட்டத்தில் களமிறங்கவே இல்லை. என் தொழிலில் இருப்பவனைக் கேட்டால், 2,000 கிலோமீட்டரை விட ஒரு முழங்கால் பெரியது என்பான்.

இன்னொன்றும் உண்டு. உங்கள் நண்பர்களுக்குப் பிடிக்காது, ஆனாலும் சொல்லவேண்டும். 2021இல் 5 வெற்றி, 7 தோல்வி என்று முடித்த அணி அது. புது கோச் சானி டைக்ஸ் வந்த முதல் வருடமே இறுதியாட்டம் வரை போனது. அந்த ஓட்டத்தில் பல ஆட்டங்கள் நூலிழையில் தப்பியவை. ஓக்லஹோமா ஸ்டேட்டை 17 புள்ளி பின்னாலிருந்து பிடித்து இரண்டு கூடுதல் நேரத்தில் 43-40. பெய்லரிடம் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே உதைக்கும் ஆட்கள் பதறியடித்து ஓடிவந்து, கடைசி நொடியில் உதைத்து 29-28. மிச்சிகனிடம் 51-45. இப்படி ஜெயிக்க மனத்திடம் வேண்டும், மறுக்கவில்லை. அதோடு அதிர்ஷ்டமும் வேண்டும். அது 14 ஆட்டம் கூட வந்தது, 15ஆவது ஆட்டத்தில் கழன்றுகொண்டது என்றுகூடச் சொல்ல முடியாது. ஏனென்றால் அதற்கு முன்பே கன்சாஸ் ஸ்டேட்டிடம் கூடுதல் நேரத்தில் 31-28 என்று ஒரு தடவை கழன்றிருந்தது.

பருவ முடிவில் அணிகளை அழைத்து நடத்தும் 'கிண்ண' (போல்) ஆட்டங்களின் வரலாற்றில் 58 புள்ளி வித்தியாசம் அதுவரை இல்லாதது. அந்தச் சாதனை ஒரு வருடம்கூட நிற்கவில்லை. 2023 டிசம்பர் 30 அன்று ஆரஞ்ச் கிண்ணத்தில் இதே ஜார்ஜியா, ஃப்ளோரிடா ஸ்டேட்டை 63-3 என்று அடித்தது. ஆட்டம் நடந்தது மயாமி பக்கத்தில், அதாவது தோற்ற அணியின் சொந்த மாநிலத்தில். தூரம் போனது ஜார்ஜியாதான். தோல்வி ஒன்றுகூட இல்லாமல் 13 ஆட்டம் ஜெயித்த ஃப்ளோரிடா ஸ்டேட்டை, சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளேஆஃப் சுற்றில் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள். அந்தக் கசப்பில் முக்கியமான வீரர்கள் பலர் ஆடவில்லை. இன்னும் பின்னால் போனால், கிண்ண ஆட்டம் என்ற வழக்கத்தின் முதல் ஆட்டமே ஒருதலைப்பட்சமானது. 1902 ஜனவரி 1, கலிஃபோர்னியாவின் பாசடீனா. மிச்சிகன் அணி பாதிக் கண்டத்தை ரயிலில் கடந்து வந்து, அந்த மாநிலத்துக்காரர்களான ஸ்டான்ஃபோர்டை 49-0 என்று வீழ்த்தியது. 8 நிமிடம் மீதியிருக்கும்போதே ஸ்டான்ஃபோர்ட் போதும் என்று நிறுத்திக்கொண்டது. இதைப் பார்த்து நொந்துபோன ஏற்பாட்டாளர்கள் அடுத்த 13 புத்தாண்டுகளுக்கு ஃபுட்பாலே வேண்டாம் என்று ரதப் போட்டி போன்றவற்றை நடத்தினார்கள். 1916இல்தான் ஃபுட்பால் திரும்ப வந்தது.

அதே 1916இல் எதிர்மாறான ஒன்றும் நடந்தது. டென்னஸி மாநிலத்தின் கம்பர்லாண்ட் கல்லூரி அட்லாண்டாவுக்கு ரயிலில் போய் ஜார்ஜியா டெக்கிடம் 222-0 என்று தோற்றது. கல்லூரி ஃபுட்பாலில் அதைவிடப் பெரிய தோல்வி இன்றுவரை இல்லை. இங்கே பயணம் செய்த அணிதானே தோற்றது என்று நீங்கள் மடக்கலாம். ஆனால் கம்பர்லாண்ட் தன் ஃபுட்பால் அணியையே கலைத்துவிட்டிருந்தது. ஆடாவிட்டால் 3,000 டாலர் தண்டம் கட்ட வேண்டும் என்பதால் கையில் கிடைத்த மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அணியே இல்லாதவர்கள் பக்கத்துத் தெருவுக்குப் போயிருந்தாலும் அதே கதிதான்.

என் வாதத்துக்கு எதிராக உருப்படியான ஒரு சாட்சி உண்டு என்றால் அது ஹவாய். 2007 பருவத்தில் 12 ஆட்டம் ஆடி 12லும் வென்ற அணி. கோல்ட் பிரெனன் என்ற குவார்ட்டர்பேக், நாட்டின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் விருது வாக்கெடுப்பில் மூன்றாவதாக வந்தவர். 2008 ஜனவரி 1 அன்று நியூ ஆர்லியன்ஸில் சுகர் கிண்ணம். ஹோனலூலுவிலிருந்து சுமார் 6,800 கிலோமீட்டர், பெரும்பகுதி கடல்மேல், 4 மணி நேர வித்தியாசம், அதுவும் கிழக்கு நோக்கி. எதிரணி, மறுபடியும் ஜார்ஜியா, பக்கத்து ஊர் மாதிரி 850 கிலோமீட்டரிலிருந்து வந்தது. முடிவு 41-10. கேட்டவுடன் தூரம்தான் என்று தோன்றும். ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அப்படித் தோன்றாது. ஹவாயின் குவார்ட்டர்பேக்குகளை ஜார்ஜியா 8 முறை தரையில் சாய்த்தது. மார்கஸ் ஹவர்ட் என்ற ஒரே தடுப்பாட்டக்காரர் போட்ட ஆட்டத்தில் பிரெனனால் பந்தைக் கையில் வைத்து மூன்று எண்ணக்கூட முடியவில்லை. அந்த வேகத்தில் ஓடிவரும் 120 கிலோ ஆட்களை ஹவாய் அந்தப் பருவத்தில் சந்தித்ததே இல்லை. தூரம் கொஞ்சம் கூடுதலாகக் கெடுத்திருக்கலாம். 31 புள்ளியில் எத்தனை அதன் பங்கு என்று பிரித்துச் சொல்வதற்கு வழி கிடையாது, சொல்பவர்களை நம்பாதீர்கள்.

நான் மேலே அடுக்கிய ஆட்டங்களெல்லாம் நானே பொறுக்கி எடுத்தவை என்பதையும் கவனியுங்கள். இவற்றை வைத்து "தூரம் போனால் ஜெயிக்கலாம்" என்று யாராவது சொன்னால் சிரிக்கத்தான் வேண்டும். பயணம் உடம்பைப் பாதிக்கும் என்பதில் சந்தேகமே இல்லை. நேர வித்தியாசத்துக்கு உடம்பு நாளுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் என்ற கணக்கில்தான் பழகும். மேற்கே போவதைவிடக் கிழக்கே போவது கடினம். நம் உள்கடிகாரம் 24 மணியைவிடச் சற்றே நீளமானது, அதனால் பிந்தித் தூங்குவது சுலபம், முந்தித் தூங்குவது கஷ்டம். அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலில் 20 பருவங்களை, 40,000க்கு மேற்பட்ட ஆட்டங்களை அலசி 2017இல் வெளியான ஆய்வும் கிழக்கு நோக்கிய பயணத்தின் பாதிப்பே அதிகம் என்று கண்டது. தொழில்முறை ஃபுட்பாலில் 40 வருட இரவு ஆட்டங்களைப் பார்த்தவர்கள், மேற்குக் கரை அணி கிழக்குக் கரை அணியோடு இரவில் மோதும்போது, கணித்ததைவிட நன்றாக ஆடியது சுமார் இரு மடங்கு அடிக்கடி நடந்தது என்றார்கள். கிழக்கத்திய உடம்புக்கு அது தூங்கும் நேரம். இவ்வளவும் உறுதியான தளம். ஆனால் இவை எல்லாமே ஓரத்தில் சில புள்ளிகளை நகர்த்தும் விஷயங்கள். கல்லூரி ஃபுட்பாலில் சொந்த மைதானத்தின் மதிப்பையே மொத்தம் இரண்டரை, மூன்று புள்ளி என்றுதான் கணிப்பவர்கள் போடுகிறார்கள். ரசிகர் கூச்சல், பழகிய புல்தரை, சொந்தப் படுக்கை, பயணம் எல்லாம் சேர்த்துத்தான் அந்த மூன்று.

2024இல் மேற்குக் கரையின் யு.எஸ்.சி., யு.சி.எல்.ஏ., ஆரெகன், வாஷிங்டன் நான்கும் கிழக்கு வரைக்கும் அணிகள் உள்ள பிக் டென் கூட்டமைப்பில் சேர்ந்ததிலிருந்து இந்தப் பேச்சு சூடாகிவிட்டது. சியாட்டிலிலிருந்து நியூ ஜெர்சிக்கு ஒரு சாதாரண வார ஆட்டத்துக்குப் போகிறார்கள். வாஷிங்டன் அங்கே ரட்கர்ஸிடம் 21-18 என்று தோற்றது. அந்த 3 புள்ளியில் விமானத்துக்குப் பங்கு இருக்கலாம் என்று யாராவது சொன்னால் நான் தலையாட்டுவேன். யு.சி.எல்.ஏ. அதே வருடம் ஹவாய், லூயிசியானா, பென்சில்வேனியா, நியூ ஜெர்சி, நெப்ராஸ்கா என்று பம்பரமாகச் சுற்றியது. வெளியூரில் அது வாங்கிய பெரிய அடி 17 புள்ளி. உள்ளூரில், பாசடீனாவின் ரோஸ் போல் மைதானத்திலேயே, இந்தியானாவிடம் 42-13 என்று வாங்கினார்கள். ஆரெகனும் அப்படித்தான். மிச்சிகன், விஸ்கான்சின் என்று போன இடமெல்லாம் ஜெயித்து 13-0 என்று வந்தது, கடைசியில் தன் கரையிலேயே, அதே ரோஸ் போலில், ஓஹையோ ஸ்டேட்டிடம் ஒரு கட்டத்தில் 34-0 என்று கிடந்தது.

பயணத்தால் நிஜமாகவே அடிபடுபவர்கள் வேறு ஆட்கள். அவர்களைப் பற்றி ரசிகர்கள் பேசுவதே இல்லை. ஃபுட்பால் அணி வாரத்துக்கு ஒரு ஆட்டம், தனி விமானம். வாலிபால் பெண்கள், சாஃப்ட்பால் பெண்கள் வார நடுவில் போய், சாதாரண விமானத்தில் இரண்டு இடத்தில் மாறி, நள்ளிரவுக்கு மேல் திரும்புவார்கள். விடியற்காலை 3 மணிக்கு பஸ்ஸிலிருந்து இறங்கி, 8 மணிக்குக் கெமிஸ்ட்ரி லேப் போன ஒரு பெண்ணின் முழங்காலுக்கு அன்று மத்தியானம் ஐஸ் வைத்துக்கொண்டிருந்தேன். வைத்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பெண் மேஜைமேல் தூங்கிப்போனாள். 20 நிமிடம் கழித்து ஐஸை எடுத்துவிட்டு, எழுப்ப மனமில்லாமல் விளக்கை அணைத்துவிட்டு வந்தேன்.

இனி உங்கள் பைத்தியக் கேள்வி. இந்த விளையாட்டில் ரசிகர் பயணம் என்பது பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட பழக்கம் அல்ல. கிண்ண ஆட்டங்கள் தொடங்கியதே குளிர்காலத்தில் வெயில் ஊருக்கு ஆள் வரவழைக்கத்தான். எந்த அணியைக் கூப்பிடலாம் என்று முடிவெடுக்கும்போது, அதன் ரசிகர்கள் எத்தனை ஹோட்டல் அறையை நிரப்புவார்கள் என்பதையும் சேர்த்தே வெகுகாலம் பார்த்தார்கள். 'நன்றாகப் பயணம் செய்யும் ரசிகர்கள்' என்பது இங்கே ஒரு பல்கலைக்கழகத்துக்குச் சூட்டும் பட்டம்.

நானும் ஒரு தடவை வேலையாக அல்லாமல் வெறும் ரசிகனாகப் போனேன். மனைவி, பையன், நான். 14 மணி நேர ஓட்டம். வழிக்கு எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும். ஸ்டேடியத்துக்குள் ஊடுருவிப் பார்க்கக்கூடிய பிளாஸ்டிக் பை மட்டும்தான் விடுவார்கள் என்பது அணியோடே போய்ப் பழகிய எனக்கு மறந்துபோயிருந்தது. மனைவியின் கைப்பையைத் தூக்கிக்கொண்டு முக்கால் மைல் நடந்து காரில் வைத்துவிட்டு வருவதற்குள் எங்கள் அணி 14-0 பின்னால். இடைவேளையில் 35-0. வெளியே வந்து வண்டி நிறுத்துமிடத்தில் எலுமிச்சை சாதத்தைப் பிரித்தோம். பக்கத்து லாரியின் பின்கதவைத் திறந்துவைத்து இறைச்சி சுட்டுக்கொண்டிருந்த எதிரணிப் பெரியவர் ஒருவர் வந்து, "இது என்ன மஞ்சளாக இருக்கிறது?" என்றார். ஒரு தட்டு கொடுத்தோம். அவர் பிரிஸ்கெட் என்ற சுட்ட மாட்டிறைச்சி கொண்டுவந்தார். பையன் அன்றைய ஸ்கோரை மறந்துவிட்டான், பிரிஸ்கெட்டை மறக்கவில்லை. அந்தப் பெரியவர் பேச்சுவாக்கில், தங்கள் அணி இதைவிட மோசமாகத் தோற்றதைப் பார்க்கத் தான் இன்னும் அதிக தூரம் போயிருப்பதாகச் சொன்னார். சொன்ன தொனியில் வருத்தமே இல்லை, கிட்டத்தட்டப் பெருமை.

ஆகவே உங்கள் அறைத்தோழர் "களைச்சுட்டாங்க" என்றால் சரி என்று விட்டுவிடுங்கள். அவரோடு ஜார்ஜியா கடந்த கிலோமீட்டர் கணக்கைப் பேசி நட்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். அடுத்த வெளியூர் ஆட்டத்துக்குக் கூப்பிட்டால் தாராளமாகப் போங்கள். ஆனால் ஓட்டத் தெரிந்தவர்கள் குறைந்தது இரண்டு பேர், முடிந்தால் மூன்று பேர் இருக்கட்டும். எனக்குக் கவலை போகும் வழியைப் பற்றி அல்ல, திரும்பும் வழியைப் பற்றித்தான். ஜெயித்த கூட்டம் அன்றிரவு ஊரிலேயே தங்கிக் கொண்டாடும். 50 புள்ளியில் தோற்ற கூட்டம்தான் "இப்பவே கிளம்பிடலாம்" என்று இரவு 11 மணிக்கு ஸ்டியரிங்கைப் பிடிக்கும். பேச்சு இல்லை, பாட்டு இல்லை, பின்சீட்டில் எல்லோரும் தூங்கியாயிற்று, சாலை நேர்கோடு. அந்த நிலைமையில் 17 மணி நேரம் விழித்திருப்பவனின் கவனம் ஓரளவு குடித்தவனின் கவனத்தைவிட மேலாக இருக்காது. ஹோட்டல் அறையை ஆட்டத்துக்கு முந்தைய இரவுக்குப் போடாமல், ஆட்டம் முடிந்த இரவுக்குப் போடுங்கள். மேற்கே போவதாக இருந்தால் பெக்கோஸில் டாங்க்கை நிரப்பிவிடுங்கள். பாதி டாங்க் இருக்கிறதே என்று வேன் ஹார்ன் வரைக்கும் தள்ளிப் போடாதீர்கள்.